கடைசி எபிசோடை மறுபடி பார்க்க: தனியாகவா, ஐந்தாகவா, முழு சீசனாகவா?

பேய்களை வேட்டையாடும் அண்ணன் டீன், தம்பி சாம் ஆகிய இருவரின் கதையான ‘சூப்பர்நேச்சுரல்’ தொடர் 15 சீசன், 327 எபிசோடு ஓடி 2020 நவம்பர் 19 அன்று முடிந்தது. ஆனால் அதை உருவாக்கிய எரிக் கிரிப்கி முதலில் திட்டமிட்டது ஐந்து சீசனுக்கான கதையைத்தான். அதனால்தான் 2010 மே 13 அன்று ஒளிபரப்பான ஐந்தாம் சீசனின் கடைசி எபிசோடு ‘ஸ்வான் சாங்’ இன்றும் தொடரின் உண்மையான முடிவாகப் பலருக்குத் தோன்றுகிறது. மறுபடி பார்க்க எடுப்பவர்கள் பெரும்பாலும் தேடி வருவதும் இதைத்தான். எடுத்தவர்களில் பலர் பாதியில் சலித்துப்போவதும் உண்டு. அந்தக் குறை எபிசோடில் இல்லை. அதற்கு முன்னால் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்பதில் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ, வீட்டுக் கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து பார்க்கும் நிலையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். ஒருவர் தொடரை முழுதும் பார்த்தவர், ஒருவர் பாதி மறந்தவர், ஒரு பிள்ளை புதிதாகப் பார்ப்பவர், பக்கத்தில் ஆயா. முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: முன்னால் எத்தனை எபிசோடு பார்ப்பது, எந்த மூலத்திலிருந்து பார்ப்பது. முதல் முடிவுக்குத்தான் எடை அதிகம். கதை முழுதும் இங்கே வெளிப்படையாகப் பேசப்படும்.

எத்தனை எபிசோடு?

கடைசி எபிசோடு மட்டும் என்றால் 42 நிமிடம். ஓராண்டுக்குள் சீசனைப் பார்த்து முடித்தவருக்கு இதுவே போதும். மற்றவர்களுக்கு மூன்று இடங்களில் தட்டும். மயானத்தில் தேவதூதன் மிக்கேலாக வந்து நிற்கும் இளைஞன் யார்? நாலு மோதிரங்களைத் தரையில் எறிந்தால் ஏன் குழி திறக்கிறது? சகோதரர்களுக்குத் தந்தை போன்றவரும் சக்கர நாற்காலியில் இருந்தவருமான பாபி எப்படி எழுந்து நடக்கிறார்? தொடக்கத்தில் வரும் முன்கதைச் சுருக்கம் இவற்றைக் காட்டும், விளக்காது. ஏற்கெனவே தெரிந்தவருக்கு ஞாபகமூட்டுவது மட்டுமே அதன் வேலை.

21-உம் 22-உம் சேர்த்துப் பார்த்தால் 84 நிமிடம். வேலைநாள் இரவுக்கு இது பொருந்தும். மோதிரக் கேள்விக்கு முக்கால்வாசி விடை 21-இல் கிடைத்துவிடும். நாலு குதிரைவீரர்களில் ஒருவனான கொள்ளைநோயின் மோதிரத்தைப் பறிப்பதும், இன்னொருவனான மரணம் தன் மோதிரத்தைத் தானே டீனிடம் கொடுப்பதும் அதில்தான். பாபியின் கால் திரும்புவதும் அங்கேதான். க்ரௌலி என்ற பேயோடு செய்த ஒப்பந்தத்தின் பலன் அது. மிஞ்சுவது ஆடம் என்ற ஒரு முடிச்சுதான்.

எங்கள் பரிந்துரை ஐந்து எபிசோடு: 4, 18, 19, 21, 22. மொத்தம் 210 நிமிடம், அதாவது மூன்றரை மணி நேரம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி விட்டும் பத்தரைக்குள் முடிந்துவிடும்.

இந்த ஐந்தும் ஏன் என்பதற்குக் காரணம் உண்டு. நாலாம் எபிசோடில் டீன் 2014-ஆம் ஆண்டுக்கு அனுப்பப்படுகிறான். அங்கே சாம் ஏற்கெனவே விழுந்த தேவதூதனான லூசிஃபருக்குச் சம்மதம் சொல்லி, அவன் உடலில் லூசிஃபர் வெள்ளைச் சூட்டில் நிற்கிறான். தம்பி சம்மதித்தால் என்ன ஆகும் என்பதை டீன் கண்ணால் பார்த்துவிட்டான் என்பது மனத்தில் இருந்தால்தான், கடைசி எபிசோடில், லூசிஃபரைத் தன் உடலில் ஏற்றுக் குழியில் குதிக்கும் தம்பியின் திட்டத்துக்கு அவன் தலையாட்டும் இடம் கனக்கும். அதை விட்டுவிட்டுப் பார்த்தால் அது திட்டமிடும் காட்சியாக மட்டும் கடந்துபோகும். 18-இல் ஆடம் வருகிறான். நாலாம் சீசனின் 19-ஆம் எபிசோடில் அறிமுகமாகி இறந்த, வேறு தாய்க்குப் பிறந்த தம்பி அவன். தேவதூதர்கள் அவனை எழுப்புகிறார்கள், டீன் மறுத்த இடத்தில் மிக்கேல் அவனை எடுத்துக்கொள்கிறான். மயானத்தில் நிற்பது இரண்டு தேவதூதர்கள் மட்டுமல்ல, ஒரே அப்பாவுக்குப் பிறந்த பிள்ளைகள் மூவர் என்பது அப்போதுதான் தைக்கும்.

19-ஆம் எபிசோடு மோதிரங்களே லூசிஃபரை அடைக்கும் கூண்டின் சாவி என்று சொல்வது. ஆனால் பெரியவர்கள் இருக்கும் கூடத்தில் அதைப் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். பல சமயத் தெய்வங்கள் ஒரு விடுதியில் கூடுவதாகக் கதை. அதில் காளி என்றும் கணேஷ் என்றும் பெயர் வைத்த பாத்திரங்கள் உண்டு, லூசிஃபர் அங்கு வந்து பெரும்பாலோரைக் கொன்றுவிடுகிறான். காளி தப்பிக்கிறாள், பிள்ளையார் பெயர் தாங்கியவர் தப்புவதில்லை. விளக்கேற்றிக் கும்பிடும் வீட்டில் இது மனம் நோகச் செய்யும், நோவதில் தவறும் இல்லை. போதாததற்கு, மோதிர ரகசியத்தைச் சொல்லும் காணொளி முதலில் ஆபாசப் படத்தின் தொடக்கம் போலவே வேடமிட்டு வரும். பிள்ளைகளும் ஆயாவும் இருந்தால் இந்த எபிசோடை விட்டுவிடுங்கள். “நாலு குதிரைவீரர்களின் மோதிரங்களையும் சேர்த்தால் லூசிஃபரை அடைத்த கூண்டு திறக்கும், இதைச் சொன்னது அவனுடைய அண்ணன் தம்பிகளில் ஒருவனான கேப்ரியல், சொல்லிவிட்டு அவன் கையாலேயே செத்தான்” என்று வாயால் சொன்னால் போதும். நேரமும் 168 நிமிடமாகக் குறையும்.

நேரம் மிச்சமிருந்தால் 10-ஐச் சேருங்கள். எதையும் கொல்லும் என்று நம்பிய ‘கோல்ட்’ (Colt) துப்பாக்கி லூசிஃபரிடம் தோற்பது அதில்தான். ஆறு மாதத்துக்குள் டெட்ராய்ட்டில் நீ சம்மதிப்பாய் என்று அவன் சாமிடம் சொல்வதும் அதில்தான். கடைசி எபிசோடில் டெட்ராய்ட் என்ற பெயர் வரும்போது உடம்பு சிலிர்க்க வேண்டுமானால் இது வேண்டும். 20-ஐ விடலாம், அதன் சாரம் 21-இன் தொடக்கச் சுருக்கத்திலேயே வந்துவிடும்.

முழு சீசனும் என்றால் 22 எபிசோடு, 15 மணி 24 நிமிடம். இரவுக்கு இரண்டாகப் பார்த்தால் பதினோரு இரவு. புதிதாகப் பார்க்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதுதான் சரி. ஐந்து எபிசோடு வழி மறந்தவருக்கு உதவும், அறியாதவருக்கு உதவாது. முதலாம் சீசனிலிருந்தே தொடங்குவது வேறு கணக்கு: மூன்றாம் சீசன் எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் 16 எபிசோடோடு நின்றது, மற்ற நாலும் 22. ஆக 104 எபிசோடு, ஏறத்தாழ 73 மணி நேரம். பள்ளி விடுமுறை முழுவதையும் ஒதுக்கினாலும் நெருக்கடிதான்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு விதியை முதலிலேயே சொல்லி வையுங்கள். இந்தத் தொடரில் பேய் யார் உடலிலும் கேட்காமல் நுழையும். தேவதூதன், லூசிஃபர் உட்பட, மனிதன் வாயால் சம்மதம் சொன்னால்தான் நுழைய முடியும். ஐந்தாம் சீசன் முழுதும் அந்த ஒரு சொல்லுக்காக நடக்கும் இழுபறி. பேய் பிடிப்பதும் சாமி வருவதும் வேறு வேறு என்று அறிந்த நம் பெரியவர்களுக்கு இதை இரண்டு முறை விளக்க வேண்டியதில்லை. சாமி வந்தவர் தன்னை மறந்து ஆடி, பின் தண்ணீர் தெளித்ததும் தன் நினைவுக்குத் திரும்புவதை இசிப்பிங்கோ மாரியம்மன் கோவில் திருவிழாவில் பார்த்தவர்கள் அவர்கள். உள்ளே வந்த ஒன்றை சாம் தன் நினைவால் அடக்கி உடம்பை மீட்கும் கடைசிக் காட்சியின் உக்கிரம் அவர்களுக்கு உடனே பிடிபடும்.

எந்த மூலம்?

டிவிடி வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மண்டல எண். தென்னாப்பிரிக்கா டிவிடியில் மண்டலம் 2. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் இந்தியாவும் மண்டலம் 5, அமெரிக்கா 1. சென்னையிலிருந்து உறவினர் கொண்டுவந்த வட்டு நம் வீட்டுப் பெட்டியில் திறக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், வட்டில் பழுது இருக்காது. ப்ளூ-ரேயில் ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும் பி மண்டலம், இந்தியா சி.

மண்டலம் 2 டிவிடிக்கு இன்னொரு குணம் உண்டு. திரைப்பட வேகம் நொடிக்கு 24 படச்சட்டம், நம் தொலைக்காட்சி முறையான பால் (PAL) 25. வட்டு தயாரிப்பவர்கள் வழக்கமாக முழுவதையும் 4 சதவீதம் வேகப்படுத்திவிடுவார்கள். 42 நிமிட எபிசோடு நாற்பது நிமிடம் சொச்சத்தில் முடியும், குரலும் பாட்டும் அரைச் சுரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறும். பேச்சில் அது தெரியாது. ஆனால் சீசன் முடிவுகளின் முன்கதைச் சுருக்கத்தில் கேன்சஸ் குழுவின் ‘கேரி ஆன் வேவர்ட் சன்’ ஒலிக்கும்போது, அந்தப் பாட்டை நன்றாக அறிந்த காது கண்டுபிடித்துவிடும். ப்ளூ-ரே 24-லேயே ஓடும், இந்தச் சிக்கல் இல்லை. இரண்டும் கிடைத்தால் ப்ளூ-ரேயை எடுங்கள்.

பழைய பொருள் கடையில் பெட்டி வாங்கினால் முதலில் கடைசி வட்டைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நமக்கு வேண்டிய எபிசோடு அதில்தான். நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் செல்லும் கீறல் அவ்வளவு கெடுதல் செய்யாது, பெட்டியே அதைச் சரிசெய்துகொள்ளும். வட்டமாக, தடத்தை ஒட்டிச் செல்லும் கீறல்தான் படத்தை உறையவைக்கும். துடைப்பதும் நடுவிலிருந்து வெளியே நோக்கித்தான். வட்டமாகத் துடைத்தால் நாமே அந்தக் கீறலைப் போட்டுவிடுவோம்.

ஸ்ட்ரீமிங் வசதியானது, ஆனால் உரிமம் நாட்டுக்கு நாடு மாறும், சொல்லாமல் விலகும். சனிக்கிழமைக்குத் திட்டமிட்டால் வெள்ளிக்கிழமையே ஐந்தாம் சீசன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கத் தொடங்கும் முன் இரண்டு வேலை: சுயவிவர அமைப்பில் அடுத்த எபிசோடு தானாக ஓடுவதை நிறுத்துங்கள், முன்கதையைத் தாண்டும் பொத்தானை யாரும் அழுத்தக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். அந்தச் சுருக்கமும் பாட்டும் சேர்ந்ததுதான் இத்தொடரின் சீசன் முடிவு. தாண்டினால் நேரே, கதை சொல்லும் எழுத்தாளரான சக்கின் குரல் தொடங்கிவிடும், மூச்சு வாங்க இடமிருக்காது.

செயற்கைக்கோள் டிவி பெட்டியான டிஎஸ்டிவி எக்ஸ்ப்ளோராவில் பதிவு செய்து வைத்திருப்பவர்கள் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். விளம்பர இடைவெளியும் சேனல் முத்திரையும் கூடவே வரும். பதிவு அந்தப் பெட்டிக்குள்ளேயே பூட்டப்பட்டது, வேறு பெட்டிக்கு மாற்ற முடியாது. நிகழ்ச்சி தாமதமாகத் தொடங்கிய இரவில் பதிவு முன்கூட்டியே நின்று கடைசி இரண்டு நிமிடம் அறுபட்டிருக்கலாம். இந்த எபிசோடில் அந்த இரண்டு நிமிடம் போனால் சக் மறைவதும், தெருவிளக்கின் கீழ் சாம் நிற்பதும் போய்விடும். பார்க்கும் நாளுக்கு முன்பே முடிவுக்கு ஓட்டிச் சரிபாருங்கள்.

செல்பேசியில் இறக்கி வைப்பது டேட்டா குறைவான வீடுகளுக்கு நல்லது. நள்ளிரவுக்குப் பின் செல்லுபடியாகும் இரவு டேட்டாவில் இறக்கலாம். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி மணிக்கு நடுத்தரத்தில் 0.7 ஜிபி, எச்டியில் 3 ஜிபி வரை, 4கே-யில் 7 ஜிபி வரை ஆகும். அந்த அளவில் மூன்றரை மணி நேரத்துக்கு நடுத்தரத்தில் இரண்டரை ஜிபி, எச்டியில் பத்தரை. ஒரு பொறி இருக்கிறது: இறக்கிய எபிசோடைச் செல்பேசியிலிருந்து தொலைக்காட்சிக்குக் காஸ்ட் செய்தால், தொலைக்காட்சி இணையத்திலிருந்து புதிதாக இழுக்கும். இறக்கிய கோப்பு பயன்படாது, டேட்டா இரண்டு தடவை போகும். இறக்கியவற்றுக்குக் காலக்கெடுவும் உண்டு. சில தலைப்புகள் முதன்முறை ஓடவிட்ட 48 மணி நேரத்தில் காலாவதியாகும். அதனால் ‘சரியாக இறங்கியதா’ என்று திறந்து பார்ப்பதைப் பார்க்கும் நாளிலேயே செய்யுங்கள்.

மின்சாரம் பற்றி. லோட்-ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) 2024 மார்ச்சுக்குப் பின் பெருமளவு ஓய்ந்தாலும், கம்பித் திருட்டும் துணைநிலையப் பழுதும் ஓயவில்லை. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 15 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், கடைகளில் கிடைக்கும் 8,800 எம்ஏஎச் மினி யுபிஎஸ் இரண்டு மணி நேரம் தாங்கும். 8,800 எம்ஏஎச் என்பது 8.8 ஏஎச், அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 32 வாட்-மணிதான், பெட்டியில் அச்சிட்ட பெரிய எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 43 அங்குலத் தொலைக்காட்சி 80 வாட் என்றால் மூன்றரை மணிக்கு 280 வாட்-மணி, ரவுட்டரோடு 330. 100 ஏஎச் ஈய-அமில பேட்டரி வைத்த இன்வெர்ட்டரில் பாதிவரை மட்டும் இறக்கினால் 600 வாட்-மணி, இழப்பு போக 500 அளவு கையில் நிற்கும், போதும். வட்டில் பார்த்தால் இணையக் கவலையே இல்லை.

இத்தொடரின் முதல் சில சீசன்களில் நிறம் வற்றி இருட்டாக இருக்கும். டர்பன் வெயில் சன்னலில் அடிக்கும்போது பாதிக் காட்சி தெரியாது. ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறையும், டிசம்பரில் ஏழு ஆகும். அதற்கேற்பத் தொடங்குங்கள். தொலைக்காட்சியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணையுங்கள். ஒலியில் 5.1 தேர்வாகி, வெளியே ஸ்பீக்கர் இல்லையென்றால் பேச்சு அமுங்கும், ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். மயானத்தில் டீன் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தம்பியிடம் முணுமுணுப்பது அப்போதுதான் கேட்கும்.

வேறு தொடராக இருந்தால்

‘பஃபி’யின் ஐந்தாம் சீசன் முடிவு ‘தி கிஃப்ட்’ (2001 மே 22, நூறாவது எபிசோடு) வேறு விதச் சிக்கல். அங்கே மூலம்தான் முதல் கேள்வி. படம் 4:3 சட்டத்துக்காக அமைக்கப்பட்டது. அமெரிக்க வட்டுகள் அப்படியே தருகின்றன. நமக்குக் கிடைக்கும் மண்டலம் 2 வட்டுகள் நாலாம் சீசனிலிருந்து 16:9 ஆகிவிட்டன. 2014-இல் வந்த எச்டி பதிப்பு இன்னும் மோசம்: சில இடங்களில் தலை வெட்டுப்படுகிறது, சில இடங்களில் ஓரத்தில் படப்பிடிப்புக் குழுவினரே தெரிகிறார்கள், இரவாகக் காட்ட வேண்டிய காட்சி பகல் போல வெளுத்திருக்கிறது. எச்டி என்ற பெயருக்காக அதை எடுக்காதீர்கள். எல்லா மண்டலமும் ஓட்டும் பெட்டி இருந்தால் மண்டலம் 1 வட்டு, இல்லையேல் மண்டலம் 2.

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ நாலாம் சீசன் முடிவு ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம். நெட்ஃபிளிக்ஸில் மட்டுமே வருவது, ஆகவே மூலத் தேர்வு இல்லை. டேட்டாவும் மொழியும்தான் தேர்வு. 4கே-யில் 16 ஜிபி போகும், எச்டியில் 7. நாலாம் சீசனுக்குத் தமிழ் ஒலி உண்டு. செல்பேசியில் அது பட்டியலில் தென்படாவிட்டால் சுயவிவரத்தின் மொழி அமைப்பில் தமிழைச் சேருங்கள். ஆங்கிலம் தடுமாறும் பெரியவருக்குத் தமிழ் ஒலி வரம். மற்றவர்களுக்கு மூல ஒலியே மேல், கடிகார மணியோசையும் பாட்டும் குரலும் ஒன்றோடொன்று பின்னி அமைக்கப்பட்ட முடிவு அது. ஐந்தாம் சீசனின் முடிவு நம் நேரப்படி 2026 ஜனவரி 1 அதிகாலை 3 மணிக்கு வந்தது. புத்தாண்டு இரவில் தூக்கக் கண்ணோடு பார்த்தவர்கள் அதையும் ஒருமுறை பகலுறக்கம் முடித்து நிதானமாகப் பார்க்கலாம்.

முடிந்தபின் எங்கே நிறுத்துவது

‘ஸ்வான் சாங்’ முடிந்ததும் ஆறாம் சீசன் முதல் எபிசோடைப் போடலாமா என்ற பேச்சு கட்டாயம் எழும். அன்றிரவு வேண்டாம். சாம் குழியில் விழுவதும், டீன் கொடுத்த வாக்கின்படி தன் பழைய காதலி லிசாவின் வீட்டு வாசலில் போய் நிற்பதும் மனத்தில் தங்க நேரம் வேண்டும். ஆறாம் சீசன் தொடங்கியதுமே அதைக் கலைத்துவிடும். அதற்குப் பதிலாக, விழித்திருக்கும் ஆசை இருந்தால் நாலாம் சீசனின் மூன்றாம் எபிசோடைப் போடுங்கள். டீன் 1973-க்குச் சென்று, சகோதரர்கள் ஓட்டும் இம்பாலா காரை வாங்கும்படி இளைஞனான தன் அப்பாவிடமே சொல்லும் எபிசோடு அது. ‘ஸ்வான் சாங்’ 1967-இல் அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கதையோடுதான் தொடங்குகிறது. சின்ன வயதில் சாம் அதன் சாம்பல் கிண்ணத்தில் திணித்த பொம்மைச் சிப்பாய்தான் கடைசியில் அவன் கண்ணில் படுகிறான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அந்தக் காரின் கதை முழுதாகக் கிடைக்கும். புதிதாகப் பார்த்த பிள்ளைக்கும் இது புரியும், 42 நிமிடம்தான்.